டையிங் வேறு, டையிங் வேறு: ஒரே ஒலியில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள்

திருப்பூரில் 'டை' என்றால் சாயம். அங்கிருந்து அவிநாசி சாலையில் மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வந்து, கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ இறங்கிக் கேட்டால், அதே 'டை' எஃகில் கடைந்தெடுத்த அச்சாக மாறியிருக்கும். தொழில் நடக்கும் இடத்தை இரண்டு ஊர்க்காரர்களும் பட்டறை என்றே சொல்வதால், தமிழ்ச்சொல்லைத் துணைக்கு அழைத்தாலும் குழப்பம் தீர்வதில்லை. 'டை வேலைக்கு ஆள் தேவை' என்று ஒரு சுவரொட்டி இருந்தால், துணிக்குச் சாயமேற்றத் தெரிந்தவரைத் தேடுகிறார்களா, தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் அச்சுப் பொருத்தத் தெரிந்தவரைத் தேடுகிறார்களா என்பது அது எந்த ஊர்ச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கிடையில், பள்ளிக் குழந்தை கழுத்தில் கட்டிக்கொண்டு போவதும் டைதான். நரையை மறைக்கப் பெரியவர்கள் தலைக்கு அடித்துக்கொள்வதும் டைதான்.

கழுத்தில் கட்டும் டையை முதலிலேயே விலக்கிவிடலாம். அது ஆங்கிலத்தில் வேறொரு வல்லெழுத்தில் தொடங்குவது. வல்லினத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தமிழில் 'ட' என்னும் ஒரே எழுத்து இருப்பதால் நம் எழுத்தில் மட்டுமே அது மற்றவற்றோடு ஒன்றாகத் தெரிகிறது. மற்ற இரண்டின் கதை அப்படியல்ல. சாயத்தைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் டி, ஒய், இ என்று எழுதுகிறார்கள்; மற்றதை டி, ஐ, இ என்று எழுதுகிறார்கள். நடுவெழுத்து ஒன்றுதான் வேறுபாடு, உச்சரிப்பிலோ அதுவும் இல்லை. லண்டனில் பிறந்து வளர்ந்தவர்கூட இவற்றைத் தனியாகக் காதால் மட்டும் கேட்டு எது எதுவென்று சொல்ல முடியாது. ஆகவே இதை நம்மவர்களின் ஆங்கிலக் குறை என்று எண்ணிக் கூச வேண்டியதில்லை. வசதிக்காக இக்கட்டுரையில் முதலாவதை ஒய்-டை என்றும், இரண்டாவதை ஐ-டை என்றும் குறிப்பிடுவோம்.

ஒய்-டை பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயரானால் சாயம், வினையானால் சாயமேற்றுதல். ஆனால் நிறம் தருவதெல்லாம் ஒய்-டை ஆகிவிடாது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. சாயம் பெரும்பாலும் நீரில் கரைந்து இழைக்குள் புகுந்து அங்கேயே தங்குவது; பிக்மென்ட் எனப்படும் நிறமி கரையாத துகளாக இருந்து, பைண்டர் என்னும் பசையின் உதவியால் துணியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது. பனியனின் உடல் முழுவதும் ஏறியிருக்கும் நீலம் டையிங்கினால் வந்தது. மார்பில் அச்சடித்திருக்கும் படம் பல சமயம் பிக்மென்டினால் வந்தது. சாயப்பட்டறைக்காரரிடம் போய் 'பெயின்ட்' என்று சொல்லிப் பார்த்தால் அவர் முகம் போகும் போக்கிலேயே இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

இந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்தே வருகிறது; பொருளும் அதிகம் மாறவில்லை. மாறியதெல்லாம் சாயந்தான். நெடுங்காலம் அவுரியும் சாயவேரும் போன்ற செடிகளே சாயம் தந்தன. 1856-இல் லண்டனில், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்த 18 வயது வில்லியம் ஹென்றி பெர்க்கினின் குடுவையில் தற்செயலாக ஓர் ஊதா நிறப் பொருள் தோன்றியது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து தொடங்குகிறது. திருப்பூருக்கு உண்மையில் வாழ்வு கொடுத்தவை அதற்கு நூறாண்டு கழித்து, 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்களின் வழிவந்தவை. பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பை உண்டாக்கிக்கொள்வதால் அவை எளிதில் வெளுப்பதில்லை.

அந்தப் பிணைப்பு தானாக நிகழ்வதில்லை. நீரில் கரைந்த சாயம் நீரிலேயே இருக்க விரும்பும். அதைத் துணியின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறமானால் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடுகிறார்கள். பிறகு சோடா ஆஷ் என்னும் காரத்தைச் சேர்த்து, பல சாயங்களுக்கு 60 டிகிரி அளவில் சூடு கொடுத்த பின்னரே சாயம் இழையோடு பிணைகிறது. பிணையாமல் மிஞ்சிய சாயமும் உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகின்றன. நொய்யல் ஆற்றின் நிறம் மாறியதும், அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கு ஆகாமற்போனதும், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் இந்த உப்பும் சாயமும் செய்த வேலை. ஒய்-டை என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பின்னால் கொங்கு நாட்டில் இவ்வளவு இருக்கிறது.

ஐ-டை சற்றுச் சிக்கலானது. ஏனெனில் அது ஒரு சொல் அல்ல, ஒரே எழுத்துக்கூட்டலை உடுத்திக்கொண்ட இரண்டு சொற்கள். ஒன்று இறத்தல் என்னும் வினை. மற்றொன்று அச்சு என்னும் பெயர். இரண்டுக்கும் உறவே கிடையாது.

இறத்தலைக் குறிக்கும் வினை, ஸ்காண்டினேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்ததாகக் கருதப்படுகிறது. அதற்கு முன் ஆங்கிலேயர் இறத்தலுக்கு வழங்கிய சொற்களில் ஒன்று, பின்னாளில் பொருள் சுருங்கிப் பட்டினி கிடத்தலைக் குறிக்கும் 'ஸ்டார்வ்' ஆயிற்று. இந்த வினை மனிதருக்கும் விலங்குக்கும் மட்டும் உரியதன்று. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுபோனாலும், செல்பேசியின் பேட்டரி தீர்ந்துபோனாலும் ஆங்கிலத்தில் அவை 'இறந்துவிட்டதாகவே' சொல்வார்கள். நாம் 'மோட்டார் படுத்துவிட்டது' என்று சொல்வதில்லையா, அதைப் போல.

அச்சைக் குறிக்கும் ஐ-டையின் பூர்விகம் பிரெஞ்சு. அங்கே அது பகடைக்காயைக் குறித்தது. ஆங்கிலத்தில் பகடைக்காய்களுக்கு வழங்கும் 'டைஸ்' என்பது இதன் பன்மைதான். சூதாட்டத்தில் உருட்டும் சிறு கட்டைக்கும் பிரஸ்ஸில் பொருத்தும் எஃகுக் கட்டைக்கும் ஒரே பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் பன்மையில் இரண்டும் பிரிந்துவிட்டன: பகடையின் பன்மை 'டைஸ்' என்று ஸகரம் அழுந்த ஒலிக்கும், அச்சின் பன்மை எஸ் மட்டும் சேர்ந்து, இறுதி ஒலி மெலிந்து, ஆங்கில 'இசட்' எழுத்தின் ஒலியோடு முடியும். எழுத்தில் பார்த்தால் சிக்கலில்லை: பகடையில் 'சி' உண்டு, அச்சில் இல்லை.

இங்கே ஒரு சிறிய விலகல். ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைக் கடந்தபோது சொன்னதாக ஒரு வாக்கியம் புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் அதை 'தி டை இஸ் காஸ்ட்' என்கிறார்கள். கோவையில் பவுண்டரி நடத்தும் ஒருவர் இதைப் படித்தால், யாரோ டை காஸ்டிங், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் வேலை, செய்து முடித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனெனில் இரண்டு சொற்களும் அவர் நாள்தோறும் புழங்குபவை. ஆனால் சீசரின் டை பகடைக்காய்; காஸ்ட் என்பது உருட்டிவிடுதல். தாயம் உருட்டியாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது என்பதே பொருள்.

கோவையின் ஐ-டைக்கு வருவோம். அது செய்யும் வேலை பலவகைப்படும். தகட்டை வெட்டும் டையில் மேலே பஞ்ச் என்னும் எஃகு முனை இருக்கும், கீழே துளையுள்ள டை இருக்கும். நடுவில் தகட்டை வைத்து அழுத்தினால் பஞ்ச் டையின் துளைக்குள் இறங்கும், துளையின் வடிவிலேயே துண்டு வெட்டுப்படும். பம்புசெட் மோட்டாரின் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் ஸ்டாம்பிங் தகடுகள் இப்படித்தான் அடிக்கப்படுகின்றன. அரை மில்லிமீட்டர் கனமுள்ள அந்தத் தகட்டுக்குப் பஞ்சுக்கும் டைக்கும் இடையே விடும் இடைவெளி தகட்டின் கனத்தில் சிறு பங்குதான். டையின் விளிம்பு மழுங்கினால் வெட்டிய ஓரத்தில் பிசிர் எழும், விரலால் தடவினாலே தெரியும், உடனே டையைக் கழற்றிக் கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். (பஞ்சும் டையும் என்று சொன்னால் நூற்பாலைக்காரருக்குப் பருத்தியும் சாயமும் நினைவுக்கு வரும், பிரஸ் ஷாப்காரருக்கு வேறு இரண்டு நினைவுக்கு வரும். தமிழும் தன் பங்குக்குக் குழப்பத்தைக் கூட்டுகிறது.)

டை காஸ்டிங்கில் வெட்டுதல் இல்லை. உருக்கிய அலுமினியத்தை எஃகு டைக்குள் செலுத்தி, உறைந்ததும் திறந்து எடுக்கிறார்கள்; அதே பம்பு மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரில் அலுமினியம் ஏறுவது இம்முறையில்தான். மணல் அச்சை ஒவ்வொரு வார்ப்புக்கும் உடைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். டை திரும்பத் திரும்ப உழைக்கும், அதனால்தான் அதன் விலையும் அதிகம். கம்பியை இழுத்து மெலிதாக்கும் டை உண்டு. கம்பியின் வெளிப்புறத்தில் மரை வெட்டும் டை உண்டு. துளையின் உட்புறத்தில் மரை வெட்டும் கருவிக்குப் பெயர் டேப். அலுமினியத்தைப் பிதுக்கிச் சட்டங்களாக எடுக்கும் எக்ஸ்ட்ரூஷன் டையை விளக்கவே வேண்டியதில்லை: இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழியும் மிஷினின் அடியில் இருக்கிற துளைத்தட்டு செய்வதும் அதே வேலைதான், மாவுக்குப் பதில் உலோகம். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளித் தகட்டில் சிறு பூவும் கிண்ணமும் எழுவதும் டையினால்தான். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: தன் வடிவத்தை வேறொரு பொருளுக்குக் கொடுப்பது.

ஒய்-டை திருப்பூரோடும் ஐ-டை கோவையோடும் நின்றுவிட்டால் பிரச்சினை பாதியாகிவிடும். ஆனால் திருப்பூரில் தைக்கும் ஒரு குழந்தை உடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலிடுக்கில் பிரஸ் பட்டன் வைத்த ரோம்பர் என்று வைத்துக்கொள்வோம். அதன் துணி டையிங்குக்குப் போய் வந்தது, இது ஒய்-டை. அதில் பட்டன் அடிக்கும் மிஷினில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக டை பொருத்தியிருப்பார்கள், இது ஐ-டை. பட்டனின் அளவுக்குப் பொருந்தாத டையைப் போட்டால் பட்டனின் முகம் நசுங்கும், அல்லது பட்டனைச் சுற்றித் துணி கிழியும். குழந்தை உடுப்பில் பட்டன் கழன்றுவந்தால் குழந்தை அதை விழுங்கிவிடும் அபாயம் இருப்பதால் வாங்குபவர்கள் இதில் மிகவும் கண்டிப்பாக இருப்பார்கள். உடுப்பில் தொங்கும் அட்டையை அதன் வடிவத்துக்கு வெட்டியது டை கட்டிங். அனுப்பும் பெட்டியின் மடிப்பையும் வெட்டையும் தீர்மானித்ததும் டை கட்டிங்தான். அங்கே டை என்பது பிளைவுட் பலகையில் செங்குத்தாகப் பதித்த எஃகுப் பட்டைகள்.

இப்போது அட்டைப்பெட்டிக்காரர் அனுப்பும் மதிப்பீட்டில் 'டை சார்ஜ் தனி' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் அதைத் தொலைபேசியில் காதால் கேட்டு எழுதினால், நாள்தோறும் சாயப்பட்டறைப் பில்களையே பார்த்துப் பழகிய கை, தானாகவே ஒய் போட்டு எழுதிச் சாயச் செலவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சாயச் செலவு கிலோக் கணக்கில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வருவது. டைச் செலவு ஒருமுறை கொடுத்தால் அதே அளவுப் பெட்டிக்கு அடுத்த ஆர்டரிலும் பயன்படுவது. அடுத்தமுறை ஒரு கிலோத் துணிக்கு என்ன அடக்கம் என்று கணக்குப் போடும்போதுதான் எங்கோ இடிப்பது தெரியவரும்.

எழுத்தில் தவறு அதிகம் நேரும் இடம் 'இங்' சேரும்போது. ஆங்கிலத்தில் ஐ, இ என்று முடியும் வினையோடு 'இங்' சேர்ந்தால் அந்த இரண்டு எழுத்தும் போய் ஒய் வந்துவிடும். படுத்தலைக் குறிக்கும் 'லை'யும் கட்டுதலைக் குறிக்கும் 'டை'யும் இப்படித்தான் மாறுகின்றன. இறத்தலைக் குறிக்கும் ஐ-டையும் அப்படியே மாறி டி, ஒய், ஐ, என், ஜி ஆகிறது. அதாவது இறத்தல் வினை இந்த ஒரு வடிவத்தில் மட்டும் ஒய் அணிந்துகொள்கிறது. ஒய் இருந்தால் சாயம் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் வழுக்கி விழுவது இங்கேதான். சாயமேற்றுதலை எழுதும்போது ஒய்க்குப் பின்னால் 'இ' இருந்தாக வேண்டும்: டி, ஒய், இ, ஐ, என், ஜி. பொதுவாக 'இங்' சேரும்போது இறுதி 'இ' விழுந்துவிடுவதே ஆங்கில வழக்கம். சாவோடு குழம்பக்கூடாது என்பதற்காக இங்கே அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதே காரணத்துக்காக 'இ'யை விடாத இன்னொரு சொல்லும் துணிப் பதனிடும் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. சாயமேற்றுவதற்கு முன், துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளைத் தீச்சுவாலையில் வாட்டி எடுக்கும் வேலையைச் 'சிஞ்ஜிங்' என்பார்கள். அதில் 'இ' விழுந்துவிட்டால் பாட்டுப் பாடுதல் ஆகிவிடும். பாடினாலும் பரவாயில்லை, யாருக்கும் நட்டமில்லை. டையிங்கில் 'இ' விழுந்தால் பெயர்ப்பலகையே ஆலை சாகக் கிடக்கிறது என்று அறிவிப்பதாக ஆகிவிடுகிறது. கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் இரண்டுமே சரியான சொற்கள். அப்படி 'இ' விட்டு எழுதிய கடிதத்தை வெளிநாட்டு வாங்குபவர் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால், அவருடைய மொழியில் துணி இறந்துகொண்டிருக்கும்.

இந்த ஒழுங்கு வெகுகாலத்துக்கு முந்தையது என்று எண்ணிவிட வேண்டாம். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் சாயத்தையும் சாவையும் ஐ போட்டே எழுதினார். அவருக்குச் சற்று முந்திய கட்டுரையாளர் ஜோசப் அடிசன் இரண்டையும் ஒய் போட்டு எழுதினார். 19ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய பங்கீடு உறுதிப்பட்டது. ஆங்கில எழுத்துலகின் பெரிய தலைகளே இரண்டையும் பிரிக்காமல் எழுதியிருக்கும்போது, பலகை எழுதும் பெயின்டர் ஓர் எழுத்தை விட்டதற்கு அதிகம் கோபிப்பது நியாயமாகாது. ஆனால் பலகையைத் திருத்தாமல் விடுவதும் சரியல்ல.

பிரித்தறிய எளிய வழி ஒன்று, இவற்றின் இலக்கணத்திலேயே இருக்கிறது. அச்சைக் குறிக்கும் ஐ-டை பெரும்பாலும் பெயராகவே நிற்கும். அதற்கு 'இங்' சேர்ந்த வடிவம் தொழிலில் அரிது. வெட்டுதல், வார்த்தல் போன்ற வேலைகளைச் சொல்ல அதனுடன் இன்னொரு சொல்லைச் சேர்க்கிறார்கள்: டை கட்டிங், டை காஸ்டிங். ஆகவே 'டையிங்' என்று காதில் விழுந்தால் அநேகமாகக் கோவை அச்சு அங்கே இல்லை. சாயம் அல்லது சாவு, இரண்டில் ஒன்று. தொழிற்பெயர்களிலும் இது தெரியும். சாயப்பட்டறையில் இருப்பவர் டையிங் மாஸ்டர்; அச்சுகள் செய்யும் டூல் ரூமில் இருப்பவர் டை மேக்கர் அல்லது டை ஃபிட்டர். 'டை மாஸ்டர்' என்று யாராவது சுருக்கிச் சொன்னால் மட்டும் எந்தப் பட்டறை என்று திரும்பக் கேட்டுக்கொள்வது நல்லது.

காகிதத்தில் எழுத்துக்கூட்டலே சந்தேகமாக இருந்தால், பில்லில் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. வரிக்காக அச்சிடும், சரக்கின் வகையைக் காட்டும் எச்.எஸ்.என். எண் 32-இல் தொடங்கினால் அது சாயம், நிறமி வகையைச் சேர்ந்தது. செயற்கைச் சாயங்கள் 3204-இல் வருகின்றன. உலோகத்தை இழுக்கவும் பிதுக்கவும் பயன்படும் டைகள், பிரஸ்ஸில் மாட்டும் கருவிகள் ஆகியவை 8207-இல் வருகின்றன. உலோகம் வார்க்கும் அச்சுகள் 8480-இல் வருகின்றன. விற்றவர் டை என்பதை எப்படி எழுதியிருந்தாலும், இந்த முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தே கணக்கரால் அதைச் சரியான தலைப்பில் பதிந்துவிட முடியும்.